பழி சுமக்கும் புள்

நிமித்தம் பார்த்தல் மூடநம்பிக்கை என்று ஒருசாராரும், அது முன்னோர் கண்ட விஞ்ஞானம் என்று மற்றொரு சாராரும் கூறிவருவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கின்றோம். கடந்த ஆண்டு யான் செவிமடுத்த ஒரு கருத்தரங்கிலே பேச்சாளர் ஒருவர் இரண்டாவது கட்சியை மிகுந்த உற்சாகத்துடன் நிலைநாட்டினார். புள் நிமித்தம் என்பது பறவைகளின் நடத்தையைப் பல தலைமுறையாகக் கூர்ந்து நோக்கியதன் விளைவு என்றும், மேனாட்டார் இன்று ஆய்வுகூடங்களிற் காண்பதை எம்மவர் மரநிழலில் இருந்தே கண்டுவிட்டனர் என்றும், சான்றோர் செய்யுட்களே இதற்கு ஆதாரம் என்றும் அவர் கூறியபோது மண்டபம் கைதட்டி ஆரவாரித்தது. கைதட்டியவருள் யானும் ஒருத்தி. விடுதிக்குத் திரும்பிய பின்னரே, அவர் ஆதாரமாகக் காட்டிய செய்யுட்களை எடுத்து வாசித்தேன். கைதட்டியதற்கு வெட்கப்பட்டேன்.

முதலாவது கட்சியாரோடும் எனக்கு முழு உடன்பாடில்லை. ‘மூடநம்பிக்கை’ என்ற ஒரு சொல்லால் எதனையும் தள்ளிவிடுதல் எளிது. ஆயின், ஈராயிரம் ஆண்டுகளாக ஒரு வழக்கம் நிலைபெற்றிருப்பின் அது யாருக்கோ பயன்பட்டு வந்திருத்தல் வேண்டும். அப்பயன் யாது, அதனை அடைந்தோர் யாவர் என்று வினவாத பகுத்தறிவு அரைப் பகுத்தறிவே. புள் நிமித்தத்தினாற் பறவையைப் பற்றி எதையும் அறிந்துகொள்ள முடியாது. அது பழியைப் பங்கிடுவதற்கான ஓர் ஏற்பாடு என்பதே என் வாதம். ஏதேனும் நேர்ந்தவிடத்துப் பொறுப்பேற்க வேண்டியவர் விலகிக்கொள்வதற்கும், மறுமொழி கூறவியலாத ஓருயிரின் தலையில் அப்பொறுப்பு ஏற்றப்படுவதற்கும் அது வழிசெய்கின்றது. அவ்வுயிர் எப்பொழுதும் பறவையாகவே இருப்பதில்லை என்பது பின்னர்த் தெளிவாகும்.

முதலிற் சொற்களை நோக்குவோம். தமிழிலே ‘புள்’ என்பது பறவையையும் நிமித்தத்தையும் ஒருங்கே குறிக்கும். ‘சகுனம்’ என்ற வடசொல்லுக்கும் பறவை என்பதே முதற்பொருள். உரோமர் நிமித்தம் பார்த்தலைக் குறிக்க வழங்கிய ‘ஒஸ்பிசியம்’ என்ற இலத்தீன் சொல், பறவை என்பதும் பார்த்தல் என்பதும் சேர்ந்த கூட்டு. கிரேக்கரின் ‘ஓர்னிஸ்’ என்ற சொல்லும் அவ்வாறே இருபொருள் பட நின்றது. அரிஸ்டோபனிஸ் கி.மு. 414இல் அரங்கேற்றிய ‘பறவைகள்’ என்ற நாடகம் இதனை எள்ளி நகையாடுகின்றது. தும்மலையும், தற்செயலாகக் காதில் விழும் சொல்லையும், எதிர்ப்படும் வேலைக்காரனையும், கழுதையையுங்கூட மனிதர்கள் ‘பறவை’ என்று அழைப்பதாக நாடகத்திலே பறவைகள் குறைகூறுகின்றன. அந்த வேலைக்காரனை வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் நன்று. அவனிடம் மீண்டும் வரவேண்டியிருக்கும்.

இவ்வாறு பல மொழிகளிற் காணப்படும் ஒரு வழக்கைத் தமிழரின் தனிச்சொத்தாகக் கருதி மார்தட்டுவதற்கு இடமில்லை. பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில நூல் தமிழ்ச் சான்றோர் செய்யுட்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்புநோக்கிக் காட்டிய பின்னரும், எமது மேடைகளிலே ‘உலகில் எவருக்கும் இல்லாதது’ என்ற பல்லவி ஓயவில்லை என்பது வியப்பே.

இனிச் செய்யுட்களுக்கு வருவோம். புள் நிமித்தம் பற்றிப் பேசுவோர் முதலிற் காட்டுவது காகத்தையே. ஐங்குறுநூற்றின் 391ஆம் செய்யுள் ஓதலாந்தையார் பாடியது. மகள் தான் விரும்பியவனுடன் சென்றுவிட்டாள். தனித்து நிற்கும் தாய் காகத்தை விளிக்கின்றாள். தன் மகள் அக்காளையுடன் திரும்பி வரும்படி கரைந்தால், பச்சிறைச்சியும் கொழுப்பும் கலந்த சோற்றைப் பொற்கலத்தில் இட்டுத் தருவேன், உன் சுற்றத்துடன் உண்ணலாம் என்கின்றாள். இதிலே எங்கே கூர்ந்த நோக்கு? நிமித்தம் அறிபவள் காகம் கரையக் கேட்டு வருகையை ஊகிப்பாள். இத்தாயோ காகத்துக்குக் கைக்கூலி பேசுகின்றாள். மழை பெய்யும் என்று அறிவிக்கும்படி வானிலை அவதான நிலையத்துக்குக் கையூட்டு நீட்டுபவரை விஞ்ஞானி என்று எவரும் சொல்வதில்லை. தான் கேட்க விரும்பும் ஒரு சொல்லைச் சொல்வதற்கு வீட்டிலும் ஊரிலும் எவரும் இல்லாதபோது காகத்திடம் அச்சொல்லை யாசிக்கும் ஒரு தாயின் துயரமே அச்செய்யுள். அதனை விஞ்ஞானம் ஆக்குபவர் அத்தாயைத்தான் இழக்கின்றார்.

குறுந்தொகையின் 210ஆம் செய்யுள் இன்னும் நுண்மையானது. அதனைப் பாடிய நச்செள்ளையார், இச்செய்யுளினாலேயே காக்கைபாடினியார் என்ற பெயரையும் பெற்றார். பிரிந்து சென்ற தலைவன் மீண்டு வந்து, அதுவரை தலைவியை ஆற்றுவித்திருந்த தோழியைப் பாராட்டுகின்றான். தோழி அப்பாராட்டைத் தான் ஏற்காமற் காகத்துக்கு வழங்கிவிடுகின்றாள். விருந்து வருமென்று கரைந்த காகமே தலைவிக்குத் துணைநின்றது. நள்ளியின் காட்டிலுள்ள இடையரின் பசுக்கள் தந்த நெய்யைத் தொண்டியில் விளைந்த நெல்லின் சோற்றோடு கலந்து ஏழு கலங்களில் ஏந்திக் கொடுத்தாலும் அக்காகத்துக்கு அது சிறிதே என்கின்றாள். எத்தனை இரவுகள் அவள் தலைவியின் அருகே விழித்திருந்திருப்பாள்! அவ்வளவையும் ஒரு பறவையின் கணக்கில் எழுதிவிடுகின்றாள். புகழை வேறொருவர்மேல் ஏற்றுவது பண்பு. பழியை ஏற்றுவது?

இவ்வினாவுக்கு விடையாகப் புறநானூற்றின் 204ஆம் செய்யுளைக் காட்டலாம். வல்வில் ஓரியைக் கழைதின் யானையார் பாடியது. பரிசில் வேண்டிச் சென்றோர் வெறுங்கையுடன் மீள நேரின், வள்ளலைப் பழிக்கமாட்டார். தாம் புறப்பட்ட வேளையின் புள்ளையும் பொழுதையுமே பழிப்பர். ஆகவே நீ தராவிடினும் உன்னை வெறுக்கமாட்டேன் என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் இதனைப் புலவரின் பெருந்தன்மையாகக் கொள்வர். எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. கொடுப்பவனிடம் செல்வமும் வாளும் உள. கேட்பவனிடம் யாழும் பசியுமே உள. கொடாதவனின் முகத்தை நோக்கி, நீ கொடாதது குற்றம் என்று சொல்லக்கூடிய நிலையில் இரவலன் இல்லை. ஆயினும் ஏமாற்றம் எங்கேனும் சென்று சேரவேண்டுமே! அது வழியிற் பறந்த பறவையின்மேற் சென்று சேர்கின்றது. புரவலனின் பெயர் காப்பாற்றப்படுகின்றது. இரவலனின் அடுத்த வேளைக்கான வாயிலும் அடைபடாமல் இருக்கின்றது. பறவைக்கு மட்டும் இவ்வேற்பாட்டில் இலாபமில்லை.

அதே தொகையின் 124ஆம் செய்யுளை இதனருகே வைத்து நோக்குதல் வேண்டும். மலையமான் திருமுடிக்காரியைக் கபிலர் பாடியது. நல்ல நாள் பாராது சென்றாலும், புள் குறுக்கிட்டுத் தடுத்தாலும், தகாத வேளையில் உட்புகுந்தாலும், தகுதியற்ற சொற்களைக் கூறினாலுங்கூட, காரியைப் பாடிச் சென்றோர் வெறிதே திரும்பார் என்கின்றார் கபிலர். கொடுக்கும் மனம் உள்ளவிடத்துப் புள்ளுக்கு வேலை இல்லை என்பதன்றோ இதன் பொருள்? இரண்டு செய்யுட்களையும் பாடியோர் வழிநடந்து வாழ்ந்த வறிய புலவர் மரபினர். பரிசில் கிடைப்பதும் கிடையாததும் எதனைப் பொறுத்தது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். அறிந்ததைச் சொல்லும் உரிமை எங்கே உண்டு, எங்கே இல்லை என்பதையும் அறிந்திருந்தனர்.

அக்காலத்தார் நிமித்தத்தை நம்பவில்லை என்று யான் கூறவரவில்லை. தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சித்திணையில் விரிச்சி கேட்டலையும், பாடாண்திணையில் நாளும் புள்ளும் பிற நிமித்தங்களும் பார்த்தலையும் குறிப்பிடுகின்றது. ஆநிரை கவரச் செல்வோர் நற்சொற் கேட்டே சென்றனர். நம்பினர், ஐயமில்லை. எனினும், எல்லோரும் எல்லாப் பறவைகளையும் எப்பொழுதும் நிமித்தமாகவே கண்டனர் என்பதும் பொருந்தாது. இதற்குக் கூகையைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

நற்றிணையின் 83ஆம் செய்யுளிலே தோழி, ஊர் வாயிலின் முதுமரத்தில் வாழும் கூகையோடு பேசுகின்றாள். ஆட்டிறைச்சியும் நெய் பெய்த வெண்சோறும் எலிச் சூட்டுடன் உனக்கு நிறையத் தருவோம். எம் காதலர் வரவை விரும்பி நாங்கள் துயிலாது கலங்கும் வேளையில் அச்சந்தரும் உன் கடுங்குரலை எழுப்பாதே என்று வேண்டுகின்றாள். கூகை எலி தின்னும் என்பது அவளுக்குத் தெரியும். அது எந்த மரத்தில் இருக்கின்றது என்பதும் தெரியும். அது அலறினால் யாரேனும் சாவார் என்ற பேச்சே அங்கு இல்லை. அலறினால் ஊர் விழித்துக்கொள்ளும், இரவுக்குறி இடையீடுபடும் என்பதே அவளுடைய கவலை. புறநானூற்றின் 364ஆம் செய்யுளில் முதுமரப் பொந்திலிருந்து கூகை திடீரெனக் குரலெழுப்பும் தாழிகள் நிறைந்த இடுகாடு வருகின்றது. அதனைப் பாடியவர் பெயர் கூகைக்கோழியார். அங்கும் கூகை இடுகாட்டில் வாழ்கின்றது என்பதே செய்தி. சாவை அது கொண்டுவந்தது என்பதன்று. ஆள் நடமாட்டம் குறைந்த, பழைய மரங்கள் வெட்டப்படாத இடம் இடுகாடு. கூகைக்கு அதுவே வசதி.

திருவள்ளுவரும் கூகையைக் கண்டிருக்கின்றார். பகலிற் காகம் கூகையை வெல்லும் என்ற உண்மையைக் காலமறிதல் அதிகாரத்தின் முதற்குறளில் அவர் அரசியலுக்கு உவமையாக்குகின்றார். பகல் வேளையில் வெளிப்பட நேர்ந்த ஆந்தையைக் காகங்கள் கூடித் துரத்துவதை எந்தத் தோட்டத்திலும் இன்றும் காணலாம். பறவையை உள்ளவாறு பார்த்து அதிலிருந்து ஓர் அறிவைப் பெறுதல் என்றால் இதுதான். கருத்தரங்கின் பேச்சாளர் இக்குறளை எடுத்துக்காட்டியிருந்தால் யான் மகிழ்ந்திருப்பேன். அவர் காட்டியதோ பஞ்சபட்சி சாத்திரத்தை.

அச்சாத்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என ஐந்து பறவைகள். ஊண், நடை, அரசு, துயில், சாவு என ஐந்து தொழில்கள். ஒருவருடைய பிறந்த நட்சத்திரத்தையோ பெயரின் முதலுயிரையோ கொண்டு அவருக்குரிய பட்சியைத் தீர்மானிப்பர். அப்பட்சி குறித்த நாழிகையில் எத்தொழிலைச் செய்கின்றது என்பதை அட்டவணையில் தேடுவர். இதற்கு யன்னலைத் திறந்து வெளியே பார்க்க வேண்டிய தேவை சிறிதும் இல்லை. கூரையில் உண்மையான ஆந்தை வந்தமர்ந்தால் வீட்டார் கல்லெடுத்து எறிவர். கடதாசியில் உள்ள ஆந்தை ‘அரசு’ செய்யும் வேளையில் அதே வீட்டார் காணி உறுதி எழுதப் புறப்படுவர். பறவைகளைக் கூர்ந்து நோக்கியதன் விளைவு என்று சொல்லப்படுவதன் முடிந்த முடிபு, பறவையே இல்லாத ஓர் அட்டவணை.

விஞ்ஞானம் என்ற வாதத்தை இன்னும் சற்று நேர்மையாக எதிர்கொள்ளல் வேண்டும். பறவைகள் எமக்கு எதனையும் அறிவிப்பதில்லை என்று எவரும் சொல்லமுடியாது. ஆட்காட்டியை எடுத்துக்கொள்வோம். வெட்டவெளி நிலத்தில் முட்டையிடும் பறவை அது. மனிதரோ நாயோ மாடோ கிட்ட வந்தால் வீறிட்டுக் கத்தும். 1995 இடப்பெயர்வின் பின் சில ஆண்டுகள் வன்னியில் வாழ்ந்த என் தாயார், இரவிலே ஆட்காட்டி கத்தினால் விளக்கை அணைத்துவிட்டுக் காது கொடுத்திருந்ததாகக் கூறுவார். வெளியில் யாரோ நடக்கின்றனர் என்பது அதன் பொருள். நடப்பவர் யார் என்பதைப் பறவை சொல்லாது. இங்கே குறிக்கும் பொருளுக்கும் இடையிலே தொடர்பு உண்டு: ஆள் வந்தான், பறவை கண்டது, கத்தியது. அதனைச் சோதித்தும் பார்க்கலாம். பல நாள் கத்தியும் ஆள் வராவிட்டால், என் தாயார் அதனை நம்புவதை நிறுத்தியிருப்பார். செண்பகம் வலமிருந்து இடம் போனால் காரியம் கைகூடும் என்பதை எவரேனும் இவ்வாறு சோதித்ததுண்டா? கைகூடாதபோது, வேறொரு பறவை எதிரே போயிருக்கும், கவனிக்கவில்லை என்பர். தவறவே முடியாத ஒன்று அறிவாக இருத்தல் அரிது.

ஆட்காட்டியின் குரல் கேட்போரை எழுந்து எதையேனும் செய்யவைக்கின்றது. நிமித்தமோ எல்லாம் முடிந்த பின்னரே பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றது. செய்யத் தவறியவர்களுக்கு அல்லது செய்யத் துணிந்தவர்களுக்கு அது கைகொடுக்கின்றது. துணிந்தவனுக்கு எடுத்துக்காட்டு மகாபாரதத்தின் அசுவத்தாமன். போரிலே தோற்று ஆலமரத்தடியிற் கிடந்த அவன், உறங்கும் காகங்களை இரவிலே கூகை ஒன்று வந்து கொன்று குவிப்பதைக் காண்கின்றான். பாண்டவரின் பாசறைக்குள் நள்ளிரவிற் புகுந்து உறங்குவோரைக் கொல்லும் துணிவு அவனுக்குப் பிறக்கின்றது. பறவை தன் இரையைத் தேடிற்று. கொலை செய்யும் மனம் அதனை அனுமதியாக வாசித்தது. தவறியவர்களுக்கு எடுத்துக்காட்டு உரோமிலே கிடைக்கும். கி.மு. 249இல் சிசிலித் தீவின் திரேப்பானாக் கடற்போரின் முன்னர், புனிதக் கோழிகள் இரையுண்ண மறுத்தன. தளபதி புப்லியசு குளோடியசு புல்கர், உண்ணாவிட்டால் குடிக்கட்டும் என்று அவற்றைக் கடலில் எறிவித்தானாம். போரில் உரோமர் தோற்றனர். அதன் பின்னர் அத்தோல்விக்குக் கப்பல்களின் அணிவகுப்பைக் காட்டிலும் கோழிகளின் கதையே அதிகம் பேசப்பட்டது. தானே நிமித்தம் பார்க்கும் அரசபதவி வகித்த சிசரோ, கி.மு. 44இல் நிமித்தக் கலையைக் கண்டித்து நூல் எழுதினார் என்பதும் குறிப்பிடத்தக்கது. பதவியை மட்டும் அவர் துறக்கவில்லை!

ஆனால் யான் இக்கட்டுரையை எழுதத் தொடங்கியது உரோமருக்காக அன்று. எமது ஊர் வலிகாமம் வடக்கில் உள்ளது. 1990இல் இடம்பெயர்ந்த எம்மவர் 2015இல் காணி விடுவிக்கப்பட்ட பின்னரே திரும்பினர். எங்கள் வீட்டின் எதிரே கூரையிழந்த கல்வீடு ஒன்று, உரிமையாளர் வெளிநாட்டிலிருந்து திரும்பாமையாற் பற்றை மண்டிக் கிடந்தது. அதன் சுவர்ப்பொந்தில் ஒரு கூகைச் சோடி வாழ்ந்தது. அந்த வீட்டுக்குக் கூகை குடிவந்துவிட்டது, அது இனி உருப்படாது என்று அயலார் சொல்லிக்கொண்டனர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் கூரையை இழந்த வீட்டுக்குக் கூகை எதனைச் செய்திருக்க முடியும்? வீடு பாழானமையால் அது வந்தது.

2017இல் என் அம்மப்பாவுக்கு நெஞ்சுநோ கண்டது. வாய்வுக் குத்து என்றனர். இஞ்சி அவித்துக் கொடுத்தோம். இரண்டாம் நாளும் நோக் குறையவில்லை. விடியட்டும் பார்ப்போம் என்றனர். மூன்றாம் இரவு முச்சக்கரவண்டியில் ஏற்றிச் செல்லும் வழியில் அவர் இறந்தார். செத்தவீட்டிலே வந்தவர் எல்லோரிடமும் அம்மம்மா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: “சாக்குருவி மூண்டு இரவாய்க் கத்தினது. நான் அப்பவே நினைச்சனான்.” கேட்டவர்கள் தலையசைத்தனர். காடாற்றிய மறுநாள் இளைஞர் சிலர் அப்பாழ்வீட்டினுள் புகுந்து பொந்தைக் கலைத்தனர். உள்ளே வெண்பஞ்சு போன்ற குஞ்சுகள் நான்கு இருந்தன. அவற்றைக் கொன்றதை யான் பார்த்தேன்.

அக்கூகைகள் மூன்று இரவுகளாக அல்ல, பல வாரங்களாகக் கத்திக்கொண்டிருந்தன. குஞ்சு பொரித்த கூகையின் இருப்பிடத்தில் இரவு முழுவதும் இரைச்சல் இருக்கும். பசித்த குஞ்சுகள் சீறிக்கொண்டே இருக்கும். நாங்கள் விழித்திருந்தவைதாம் மூன்று இரவுகள். நோயாளி உள்ள வீட்டில் விளக்கு எரியும்; விளக்குக்குப் பூச்சி வரும்; பூச்சிக்குச் சிற்றாந்தையும் வரும்; உறங்காதவர் எல்லாக் குரலையும் கேட்பர். பிழைத்துக்கொண்ட நோயாளிகளின் வீட்டருகே கத்திய ஆந்தைகளை எவரும் எண்ணி வைப்பதில்லை. இவையெல்லாம் எவருக்கும் விளங்கக்கூடியவையே. ஆயினும் அன்று அவற்றை எடுத்துச் சொல்லியிருந்தால் எவரும் செவிகொடுத்திருக்கமாட்டார். ஏனெனில், கூகை குற்றவாளி இல்லை என்றால் அடுத்து எழும் வினா வேறாக இருந்திருக்கும். முதல்நாளே ஏன் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவில்லை? அந்த வினாவை அம்மம்மாவால் தாங்கியிருக்க முடியாது. அம்மாவாலும் முடியாது. இஞ்சி அவித்தது யான். என்னாலும் முடியாதிருந்தது. ஆகவே நான்கு குஞ்சுகள் எங்களுக்காக இறந்தன. அம்மம்மாவின் துயரத்தை யான் இழிவுபடுத்தவில்லை. அத்துயரத்துக்கு ஆறுதல் வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்த ஆறுதலின் விலையைக் கொடுத்தது வேறோர் உயிர் என்பதையும், அவ்வாண்டிலே அயலில் இன்னொருவருக்கு நெஞ்சுநோ வந்தபோது அங்கும் இஞ்சியே அவிக்கப்பட்டது என்பதையும் மறைத்துப் பயனில்லை.

சிங்கள மக்களிடையே ‘உலமா’ என்ற பறவை பற்றிய கதை உண்டு. காட்டிலே இரவில் அதன் அலறலைக் கேட்டால் சாவு நேரும் என்பது நம்பிக்கை. எமர்சன் தெனந்து 1861இல் வெளியிட்ட இலங்கை விலங்கியல் பற்றிய நூலிலும் இது இடம்பெற்றுள்ளது. எப்பறவை அது என்பது பற்றிப் பறவையியலாளரிடையே நெடுங்கால விவாதம் இருந்தது. காட்டில் வாழும் பெரிய கழுகாந்தை ஒன்றே அது என்று இன்று பலர் கருதுகின்றனர். கதை வருமாறு: மனைவியின் நடத்தையில் ஐயங்கொண்ட ஒருவன், அவள் இல்லாத வேளையிற் குழந்தையைக் கொன்று கறியாக்கி அவளுக்கே பரிமாறினான். கறியில் ஒரு சிறுவிரலைக் கண்ட அவள் பித்துப்பிடித்துக் காட்டுக்குள் ஓடினாள். அவளே அலறித் திரியும் பறவையானாள். கொன்றவன் கணவன். ஆனால், தலைமுறை தலைமுறையாக மக்கள் அஞ்சிக் கதவடைப்பது அப்பெண்ணின் குரலுக்கு!

இரவிலே கேட்கும் ஒரு குரலை வேறுவிதமாகவும் கேட்கலாம் என்பதற்கு இந்நாட்டிலேயே சான்று உண்டு. 1995இல் கித்துல்கல மழைக்காட்டிலே தீபால் வரகாகொட என்ற பறவையியலாளர் இரவில் ஒரு குரலைக் கேட்டார். அவர் அறிந்த எப்பறவையின் குரலோடும் அது பொருந்தவில்லை. எங்களூரில் என்றால், யாருக்குச் சாவு என்று கேட்டிருப்போம். அவர், யாருடைய குரல் என்று கேட்டார். அவ்வினாவின் பின்னே ஆறு ஆண்டுகள் காட்டில் அலைந்தார். 2001 சனவரியில் சிங்கராஜ வனத்திலே அப்பறவையைக் கண்ணாற் கண்டார். செம்பழுப்பு நிறச் சிற்றாந்தை. 2004இல் அவரும் பமிலா ராஸ்முசெனும் அதனைப் புதிய இனமாக அறிவித்து, சிங்கராஜ வனத்தைக் காக்கப் போராடிய திலோ ஹொப்மனின் பெயரை அதற்கு இட்டனர். இலங்கையிலே புதிய பறவையினம் ஒன்று கண்டறியப்பட்டது 1868க்குப் பின்னர் அதுவே முதல் தடவை. எமது பாட்டனார் பூட்டனார் எத்தனை பேர் அக்குரலுக்கு அஞ்சிக் கதவை அடைத்திருப்பர் என்று எண்ணும்போது சிரிப்பும் வருகின்றது, துக்கமும் வருகின்றது.

ஆந்தைகளைப் பற்றி மட்டுமாயின் இவ்வளவு கடுமையாக எழுதியிருக்கமாட்டேன். பறவையே இல்லாத இடத்தில் வேலைக்காரனைப் ‘பறவை’ என்றழைத்த கிரேக்கரை மேலே குறிப்பிட்டேன். எமது சகுனப் பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். காகமும் செண்பகமும் செம்பருந்தும் முடிந்தவுடன் அதே வரிசையில், அதே இலக்கணத்தில், பூனையும் விறகுச்சுமையும் எண்ணெய் வைத்த தலையும் கைம்பெண்ணும் வருவர். எதிர்ப்பட்டால் ஆகாது. யாழ்ப்பாணத்தில் இதனை முழுவியளம் என்போம். பட்டியலின் ஒரு பகுதியை முன்னோர் விஞ்ஞானம் என்று மேடையிற் போற்றிக்கொண்டு, மறுபகுதியைப் பெண்ணடிமை என்று வேறொரு மேடையிற் கண்டிக்க முடியாது. கருத்தரங்கின் பேச்சாளரிடம் யான் கேட்டிருக்க வேண்டியது இதுவே: அப்பெண்ணையும் பல தலைமுறையாகக் கூர்ந்து நோக்கியா அம்முடிவுக்கு வந்தனர்?

என் பெரியம்மாவின் கணவர் 2009 ஏப்ரிலில் வன்னியில் இறந்தார். அவர் இறந்தது எறிகணையினால். அதனை எய்தவர்களும், அங்கே மக்களை நிறுத்தி வைத்தவர்களும், பார்த்துக்கொண்டிருந்தவர்களும் உலகில் உளர். அவர்களுள் எவரும் எந்த முற்றத்திலும் ஒதுங்கி நிற்பதில்லை. பெரியம்மா ஒதுங்கி நிற்கின்றார். யான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தபோது வரலாற்றுப் பாடத்தை எனக்குச் சொல்லித் தந்தவர் அவர். தையல் இயந்திரத்தின் முன் இரவிரவாக இருந்து, யான் பல்கலைக்கழகம் கொண்டுசென்ற உடைகளைத் தைத்தவரும் அவரே. முதன்முதலாக யான் புறப்பட்ட காலையிலே, அம்மம்மா அயலிலிருந்து ஒரு மாமியை அழைத்து, தண்ணீர்ச் செம்புடன் எதிரே வரச்செய்தார். அந்த மாமிக்கு யான் என்ன பாடம் படிக்கப் போகின்றேன் என்பதும் தெரியாது. பெரியம்மா அடுக்களைக் கதவின் பின்னால் நின்றார். அவரை உள்ளே போகும்படி எவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாதபடி அவர் பழகியிருந்தார். யானும் கூப்பிடவில்லை. மாமியின் செம்பைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் படலையைக் கடந்து போனேன்.

இவ்வாண்டு தைப்பொங்கல் விடுமுறை முடிந்து புறப்பட்டபோது, அடுக்களைக்குள் சென்று அவருடைய கையைப் பிடித்து, “என்னைக் கொண்டுவந்து விடுங்கோ பெரியம்மா” என்றேன். “உனக்குச் சோதினை வருது பிள்ளை” என்றார். “அதுக்குத்தான்” என்றேன். அம்மம்மா வாயைத் திறந்தார். பின் ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மா முற்றத்தைக் கடந்து வந்தார். படலை வரை வந்தார். ஒழுங்கையில் ஆட்கள் நின்றனர். படலையின் தடியைப் பிடித்தபடி உட்புறமாகவே நின்று, யான் ஒழுங்கை திரும்பும் வரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.